பழைய கம்ப்யூட்டரில் ஓர் ஊர்த் திண்ணை!

பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவதிகை. நாவுக்கரசரின் சூலை நோய் தீர்ந்த தலம். அங்குள்ள வீரட்டானேசுவரர் கோவிலில் பல்லவர், சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோவிலுக்கு யார் என்ன கொடுத்தார் என்பதை ஊரறியக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் காலத்து அறிவிப்புப் பலகை அது!

சற்றுத் தூரத்தில் நெய்வேலி. 1957-ல் அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. ஆனால் சுரங்கத்துக்காகப் பல கிராமங்கள் இடம் பெயர்ந்தன.

இடம் போன பிறகும் ஊர் இருக்குமா? ஊர் என்பது மண்ணா, மனிதர்களா?

உலகத்தின் பல மூலைகளில் ஒரு சிறு கூட்டம் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர்கள் காப்பாற்றப் பார்ப்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஊரை!

பனிப் புயலில் பிறந்தது

1978 ஜனவரி. அமெரிக்காவின் சிகாகோ நகரில் கடும் பனிப் புயல். வீட்டை விட்டு யாரும் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அந்த நகரத்துக் கம்ப்யூட்டர் சங்கத்தைச் சேர்ந்த இருவர் சும்மா இருக்கவில்லை. ஒருவர் வார்டு கிறிஸ்டென்சன். மற்றவர் ராண்டி சூயஸ்.

சங்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. உறுப்பினர்கள் அதில் சீட்டுக் குத்தி வைப்பார்கள். "இதையே டெலிபோன் மூலம் செய்தால் என்ன?" என்று அவர்கள் யோசித்தார்கள். கிறிஸ்டென்சன் புரோகிராம் எழுதினார். சூயஸ் யந்திரத்தைக் கட்டினார். பிப்ரவரி 16-ந் தேதி பலகை திறந்தது. டெலிபோன் மூலம் கூப்பிட்டு நுழையும் முதல் கம்ப்யூட்டர் அறிவிப்புப் பலகை அதுதான்.

முறை மிக எளிது. ஒரு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஒரு டெலிபோன். வெளியூர்க்காரர் தம் கம்ப்யூட்டரிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிடுவார். மற்றவர்கள் எழுதியதைப் படிப்பார். தம் பதிலை எழுதுவார். போனை வைத்துவிடுவார். பிறகுதான் அடுத்தவருக்கு இடம்! பெரும்பாலான பலகைகளில் ஒரே சமயத்தில் ஒருவர்தான் நுழைய முடியும்.

வேகமும் ஆமை வேகம். ஆரம்ப காலக் கருவிகள் விநாடிக்குச் சுமார் 30 எழுத்துகளை அனுப்பின. கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் திரையில் 40 எழுத்து அகலம், 25 வரி. மொத்தம் 1,000 எழுத்து. ஒரு திரை நிறைய அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும்! அதனால் எழுதுகிறவர் அளந்து எழுதினார். படிக்கிறவர் நின்று படித்தார்.

1984-ல் டாம் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கர் "ஃபிடோநெட்" என்ற அமைப்பைத் தொடங்கினார். டெலிபோன் கட்டணம் குறைவான இரவு நேரத்தில் ஒரு பலகை மற்றொரு பலகையைக் கூப்பிட்டுத் தபாலைக் கைமாற்றும். ஊர்த் திண்ணை உலகத் திண்ணை ஆயிற்று.

பம்பாய், டில்லி போன்ற நகரங்களிலும் இத்தகைய பலகைகள் நடந்தன. 1995 ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. அதன் பிறகு பலகைகள் ஒவ்வொன்றாக மூடின.

யந்திரம் சாகிறது

ஆனால் எல்லாம் மூடிவிடவில்லை. கமடோர் 64 வெளிவந்தது 1982-ல். ஒரு கோடிக்கு மேல் விற்றது. இன்றும் சிலர் அந்தப் பழைய யந்திரத்திலேயே பலகை நடத்துகிறார்கள்!

இது லேசான காரியம் அல்ல. முதல் எதிரி வயது. பழைய பிளாப்பித் தட்டுகளில் காந்தப் பூச்சு கெடுகிறது. மின்சாரம் கொடுக்கும் பெட்டி பழுதானால் அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் பாய்ந்து, உள்ளே இருக்கும் சில்லுகளைக் கருக்கிவிடும்.

இரண்டாவது எதிரி, டெலிபோன் கம்பி மறைவது. பழைய செப்புக் கம்பிகளின் இடத்தைக் கண்ணாடி இழை பிடிக்கிறது. புதிய வழியில் பழைய மோடத்தின் கீச்சொலி சரியாகப் போய்ச் சேருவதில்லை.

இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். தீப்பெட்டி அளவுள்ள ஒரு வைஃபை கருவியைப் பழைய கம்ப்யூட்டரில் பொருத்துகிறார்கள். கம்ப்யூட்டர் டெலிபோன் எண்ணைக் கூப்பிடுவதாகவே நினைக்கிறது. கருவியோ அதை இன்டர்நெட் வழியாக மறு முனையில் சேர்க்கிறது!

இதில் ஆபத்தும் உண்டு. பழைய முறையில் ரகசியச் சொல் பூட்டின்றித்தான் பயணம் போகும். பாங்குக் கணக்கின் ரகசியச் சொல்லை அங்கே எழுதுவது அறிவீனம்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி மூன்றாவது: ஆள் இல்லாமை. சூயஸ் 2019-ல் காலமானார். கிறிஸ்டென்சன் 2024-ல் காலமானார். யந்திரத்துக்கு மாற்று உறுப்புக் கிடைக்கும். 2025-ல் புதிய கமடோர் 64 கூட அறிவிக்கப்பட்டது. ஆனால் தினமும் வந்து பேசுகிற மனிதருக்கு மாற்று உறுப்பு ஏது? எழுத ஆள் இல்லாத பலகை வெறும் பொருட்காட்சிதான்.

தமிழனுக்கு என்ன?

"அமெரிக்கர்களின் பொழுதுபோக்கு நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

1990-ம் ஆண்டுகளில் உலகெங்கும் சிதறிய தமிழர்கள் கம்ப்யூட்டரில் தமிழிலேயே பேசத் தொடங்கினார்கள். அப்போது ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒன்றில் "அ" என்பது மற்றொன்றில் வேறொரு குறி. அந்த எழுத்துரு இல்லையென்றால் பழைய கடிதம் இன்று வெறும் கிறுக்கல்!

புத்தகங்களுக்கு நல்ல காலம். 1998 பொங்கலன்று தொடங்கிய "மதுரைத் திட்டம்" தமிழ் இலக்கியங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. எழுத்து முறை மாறியபோது அதன் தொண்டர்கள் நூல்களையும் புதிய முறைக்கு மாற்றினார்கள்.

ஆனால் பேச்சு? அதற்கு அவ்வளவு காவல் இல்லை. யாகூ நிறுவனத்தின் குழுக்களில் தமிழர்களும் ஆண்டுக் கணக்கில் வாதாடினார்கள். 2019 டிசம்பரில் அங்கிருந்த பழைய கடிதங்களை நீக்கத் தொடங்கினார்கள். 2020 டிசம்பரில் கடையையே மூடிவிட்டார்கள். வாடகை வீட்டில் ஊரைக் கட்டியதன் பலன் அது!

பழைய பலகைக்காரர்களிடம் கற்க வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் யந்திரம் சிறியது, ஆனால் சொந்தம். எந்தக் கம்பெனியும் வந்து "நாளை முதல் மூடுகிறோம்" என்று சொல்ல முடியாது.

ஒரு நியாயமும் பார்க்க வேண்டும். நூறு பேருக்காக எழுதியதை ஊர் உலகத்துக்கே பறைசாற்றலாமா? எழுதியவரின் சம்மதம் வேண்டும். காப்பது வேறு, கடை பரப்புவது வேறு.

சோழன் காட்டிய வழி

ராஜராஜ சோழன் திருமழபாடிக் கோவில் விமானத்தைப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டான். பழைய சுவரை இடித்தால் கல்வெட்டுகள் என்ன ஆவது? முதலில் அவற்றைப் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொன்னான். பிறகு, அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில், புதிய சுவரில் அவற்றை மீண்டும் வெட்டினார்கள்.

சுவர் மாறலாம். எழுத்து மாறக்கூடாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழனுக்கு இது தெரிந்திருந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கம்ப்யூட்டரோ, பிளாப்பித் தட்டோ கிடக்கிறதா? பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதில் உங்கள் அண்ணன் எழுதிய கடிதம் இருக்கலாம். கலைந்துபோன ஒரு திண்ணையின் கடைசிப் பேச்சும் இருக்கலாம்!