பெயர் வந்தது... பேரம் பேச ஆள் எங்கே?



"ஆண்டு மலரில் வீடியோ கேம் பற்றியா கட்டுரை?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பொழுதுபோக்குச் சமாச்சாரம்தான். உள்ளே இறங்கினால் கூலி, கோர்ட்டு, சங்கம் என்று மாணவர் சங்க மலருக்கு ரொம்பவே பொருத்தமான சங்கதிகள் கிடக்கின்றன.

அமெரிக்காவில் 'காலேஜ் ஃபுட்பால்' என்று ஒரு வீடியோ கேம். ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் கம்பெனி 2024 ஜூலையில் ஒரு பதிப்பு போட்டது. 2025 ஜூலையில் அடுத்தது. ஒன்று கைக்கு வந்து சூடு ஆறுவதற்குள், அடுத்ததில் என்னென்ன புதுசாக வர வேண்டும் என்று ரசிகர்கள் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். மைதானத்துப் பேண்டு வாத்தியம் இன்னும் நிஜமாகக் கேட்க வேண்டும், எதிர் அணியைக் கம்ப்யூட்டர் இன்னும் புத்தியோடு ஆட வைக்க வேண்டும், சின்னக் கல்லூரிகளும் வர வேண்டும்... எல்லாம் நியாயமான ஆசைகள்தான்.

என் பட்டியலில் முதல் இடம் வேறு ஒன்றுக்கு. அந்தத் திரையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறானே ஒரு மாணவன், அவனுக்காகப் பேரம் பேச ஒரு சங்கம் வேண்டும். "இதெல்லாம் கேமுக்குள் வருகிற விஷயமா?" என்று கேட்கிறீர்களா? வரும். எப்படி என்று சொல்கிறேன்.

எந்த ஃபுட்பால்?

முதலில் ஒரு விளக்கம். இது நாம் காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், ஒரு பக்கம் 11 பேர். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதித் தள்ளி முன்னேற வேண்டும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் பெயர் குவார்ட்டர்பேக்.

அங்கே கல்லூரி அணிகளுக்கு இருக்கிற மவுசைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள்! டிக்கெட், டி.வி. உரிமை, பனியன், தொப்பி என்று பணம் கொட்டுகிற தொழில் அது. பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கோடிக்கணக்கில். ஆனால் ஆடுகிற பையனுக்கு? படிப்பு உதவித்தொகை, சாப்பாடு, தங்கும் இடம். முன்பெல்லாம் அதோடு சரி. "இவர்கள் மாணவர்கள், தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லை, காசு வாங்கினால் ஆட்டத்தின் புனிதம் கெட்டுவிடும்" என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பல காலமாகப் பிடித்து வைத்திருந்த சட்டம்.

புனிதம் கெட்டது யாருக்கு, பை நிறைந்தது யாருக்கு என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

நம்பர் உண்டு, பெயர் இல்லை

இந்த வகைக் கேம்களை 1993 முதல் ஈ.ஏ. கம்பெனி போட்டுவந்தது. பிற்பாடு கல்லூரிப் பெயர், கொடி, சின்னம் எல்லாவற்றுக்கும் முறைப்படி காசு கொடுத்து அனுமதி வாங்கினார்கள். ஆட்டக்காரன் பெயரை மட்டும் போடவில்லை. போட்டால் அவனுக்குக் காசு கொடுக்க வேண்டும், கொடுத்தால் என்.சி.ஏ.ஏ. சட்டம் உதைக்கும். அதனால் திரையில் வெறும் 'குவார்ட்டர்பேக், நம்பர் 9' என்று வரும்.

பெயர்தான் இல்லையே தவிர மற்றதெல்லாம் அச்சு அசல். சாம் கெல்லர் என்று ஒருவர் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக். 2005 பதிப்பில் அந்த அணியின் 9-ஆம் நம்பர் ஆளுக்கு அவருடைய உயரம், எடை, தோல் நிறம், தலைமுடி, முகச்சாயல், சொந்த மாநிலம், எந்தக் கையால் எறிவார் என்பது வரை அப்படியே வைத்திருந்தார்கள். ஆளை முழுசாக எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டால் கூலி கொடுக்க வேண்டாம். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

அட்டைப்படத்திலும் இதே கதை. 2013-இல் வந்த 'என்.சி.ஏ.ஏ. ஃபுட்பால் 14' அட்டையில் மிச்சிகன் அணியின் டெனார்ட் ராபின்சன் இருந்தார். அப்போது அவர் கல்லூரி ஆட்டத்தை முடித்துவிட்டார். முடித்தவர் படத்தைத்தான் போட முடியும். ஆடிக்கொண்டிருக்கிறவர் படத்தைப் போட்டால் காசுப் பிரச்சினை வந்துவிடும்.

கெல்லர் 2009-இல் வழக்குப் போட்டார். அதே வருஷம் எட் ஓ'பேனன் என்பவரும் போட்டார். இவர் கூடைப்பந்துக்காரர், 1995-இல் யு.சி.எல்.ஏ. அணி தேசிய சாம்பியன் ஆனபோது முக்கிய ஆட்டக்காரர். பிற்பாடு கார் விற்கும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நண்பர் வீட்டில் ஒரு கூடைப்பந்துக் கேமைப் பார்க்கிறார். அதில் மொட்டைத் தலை, இடது கை, 31-ஆம் நம்பர். யார் அது? இவரேதான்! யாரும் இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு காசு வரவில்லை. ஊரான் வீட்டு நெய் என்றால் அள்ளி ஊற்றுவதற்குக் கை கூசுமா என்ன?

2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கெல்லர் வழக்கில் கம்பெனிக்கு எதிராகச் சொன்னது. அந்த செப்டம்பரிலேயே "அடுத்த வருஷம் கேம் இல்லை" என்று ஈ.ஏ. அறிவித்தது. கடைசியில் கம்பெனி, உரிமம் வழங்கும் நிறுவனம், என்.சி.ஏ.ஏ. எல்லாம் சேர்ந்து 6 கோடி டாலருக்குச் சமரசம் பேசி முடித்தன. ஓ'பேனன் வழக்கில் 2014 ஆகஸ்டில் தீர்ப்பு என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக வந்தது.

கேம் நின்றது. பதினோரு வருஷம்! ரசிகர்கள் விடுவார்களா? பழைய பதிப்பை நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். சிலர் தாங்களே உட்கார்ந்து பழைய கேமுக்குள் புதுச் சட்டை, புது அணி என்று மாற்றிச் செய்து வெளியிட்டார்கள்.

600 டாலர்

பிறகு காற்று திசை மாறியது. ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2019-இல் கலிபோர்னியா சட்டம் போட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயர், படம், சாயல் மூலம் காசு பார்க்கலாம் என்று ஆனது.

2024 ஜூலை 19. கேம் திரும்பி வந்தது. 134 அணிகள். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், சொந்தப் பெயரோடு! அட்டையில் டிராவிஸ் ஹன்டர், குவின் யூவர்ஸ், டோனவன் எட்வர்ட்ஸ்; மூன்று பேரும் அப்போது கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். இன்னொரு வேடிக்கை, அந்தப் பதிப்பில் பயிற்சியாளர்களுக்குத்தான் பெயர் இல்லை. அவர்கள் 2025 பதிப்பில்தான் வந்து சேர்ந்தார்கள்.

டெக்சாஸ் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் முதலில் "நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டார். அவர் பெயர் வரவில்லை. பிறகு சம்மதித்தார், வந்தது. கேட்டுவிட்டுப் போடுவது என்றால் இதுதான். இந்த வகையில் இது பெரிய வெற்றி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கூலி? தலைக்கு 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும். கேமின் விலை 70 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்பது பிரதி விலை கூட இல்லை! மொத்தம் 11,000 பேர் என்று வைத்தாலும் 66 லட்சம் டாலர். கடைக்காரர் கமிஷன், தயாரிப்புச் செலவு எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். சுமார் 94,000 பிரதியின் விற்பனை விலைக்கு அது சமம். 2024-இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற கேம்களில் இது ஒன்று. அத்தனை விற்ற பிறகும், விற்ற பிரதிக்கு இத்தனை என்று பங்கு எதுவும் அந்த 600 டாலர் ஒப்பந்தத்தில் கிடையாது.

சிலர் கேட்பார்கள், "ஆட்டத்தில் இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கும் 600 டாலர் கிடைத்ததே, நல்லதுதானே?" நல்லதுதான். எல்லோருக்கும் சமம் என்பதை நான் வரவேற்கிறேன். என் கேள்வி வேறு. அந்த 600 என்ற எண்ணை யார் முடிவு செய்தது? ஒரு பக்கம் கம்பெனி. எதிர்ப்பக்கம் யார் உட்கார்ந்தார்கள்? யாருமே இல்லை!

நாற்காலி காலி

இதே கம்பெனி தொழில்முறை ஃபுட்பாலுக்கு 'மேடன்' என்று ஒரு கேம் போடுகிறது. அங்கே ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அத்தனை பேருக்கும் சேர்த்துச் சங்கம் ஒப்பந்தம் பேசுகிறது, வருகிற பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே மாதிரி கேம். ஒன்றில் எதிர் நாற்காலியில் ஆள் உண்டு, மற்றொன்றில் நாற்காலி காலி.

மாணவர்கள் முயற்சி பண்ணவில்லையா? பண்ணினார்கள். சிகாகோ பக்கத்தில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் மாணவர்கள் சங்கம் கேட்டார்கள். தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி 2014 மார்ச்சில் "இவர்கள் தொழிலாளர்கள்தான்" என்று சொன்னார். ஏப்ரலில் ஓட்டும் போட்டார்கள். பெட்டிக்குச் சீல் வைத்தார்கள். 2015 ஆகஸ்டில் வாரியம் "இதில் நாங்கள் தலையிடவில்லை" என்று கையை விரித்தது. போட்ட ஓட்டைக் கடைசிவரை எண்ணவே இல்லை! டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து மாணவர்கள் 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று சங்கத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் அந்த மனுவும் வாபஸ் ஆனது.

இந்தக் கேமுக்கே, "இவ்வளவு குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று ஆட்டக்காரர்களுக்கான ஓர் அமைப்பு 2023-இல் குரல் கொடுத்தது. அப்படியும் பதினோராயிரம் பேர் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதா? என்னால் முடியாது. சின்ன வயசிலிருந்து ஆடிய கேமில் தன் பெயரே வருகிறது என்றால் எந்தப் பையன்தான் வேண்டாம் என்பான்? தனியாளாக அவன் மறுத்தால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் ஒரு பொம்மைப் பெயரை அவன் இடத்தில் வைத்துக்கொள்ளும். நஷ்டம் அவனுக்கு மட்டும். பதினோராயிரம் பேரும் சேர்ந்து மறுத்தால் அப்போது கம்பெனிக்குத்தான் வேர்க்கும்! ஒற்றை ஆளுக்கும் ஒன்று சேர்ந்த கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

2025 ஜூனில் இன்னொரு சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதன்படி 2025-26-இல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாணவ ஆட்டக்காரர்களுக்கு நேரடியாக ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம். நல்ல செய்திதான். ஆனால் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது பல்கலைக்கழகத்தின் கையில். இங்கேயும் அதே காலி நாற்காலி!

என் பட்டியல்

சரி, அடுத்தடுத்த பதிப்புகளில் நான் என்ன எதிர்பார்க்கிறேன்?

ஒன்று: தலைக்கு இவ்வளவு என்று தூக்கிக் கொடுப்பது போதாது. விற்கிற ஒவ்வொரு பிரதியிலும் ஒரு பங்கு, அதுவும் மாணவர்கள் சார்பில் கூட்டாகப் பேசி முடிவு செய்த பங்கு வேண்டும். கேமின் முகப்பில் பல்கலைக்கழகச் சின்னங்களுக்குப் பக்கத்தில் அந்தச் சங்கத்தின் சின்னமும் ஒளிர வேண்டும். கேமுக்குள் வருவது என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

இரண்டு: 'டைனஸ்டி' என்று ஒரு பகுதி உண்டு. அதில் நீங்கள்தான் கோச். பள்ளிப் பையன்களை ஆசை காட்டி அணிக்கு இழுக்கலாம், பல சீசன் நடத்தலாம். அங்கே இந்தப் பணப் பங்கீட்டையும் ஒளிக்காமல் காட்ட வேண்டும். ஒருநாள் அணி மொத்தமும் திரண்டு வந்து, "சார், கொஞ்சம் பேசணும்" என்று கோச் அறைக் கதவைத் தட்ட வேண்டும். விளையாடுகிறவன் பதில் சொல்லியாக வேண்டும். இதைவிட விறுவிறுப்பான கட்டம் உண்டா?

மூன்று: சின்னக் கல்லூரிகள். 2024 பதிப்பில் இரண்டாம் வரிசை அணிகளுக்கு ஊர் பேர் கிடையாது. தென்கிழக்கு, வடமேற்கு என்று திசையைச் சொல்லி ஒரு பொது அணி. வால்டர் பேட்டன் ஆடிய ஜாக்சன் ஸ்டேட், ஜெர்ரி ரைஸ் ஆடிய மிசிசிப்பி வேலி ஸ்டேட் போன்ற கறுப்பின மக்களின் பழம்பெரும் கல்லூரிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. முன்பு ஆளுக்குப் பெயர் இல்லை, இப்போது கல்லூரிக்கே பெயர் இல்லை என்றால் எப்படி?

முடிவாக...

"அமெரிக்கப் பையன்களுக்காக நீ ஏன் கச்சை கட்டுகிறாய்?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அவர்களும் மாணவர்கள், நாமும் மாணவர்கள். எனக்கு அந்த உறவு போதும்.

சட்டை நம்பராக மட்டும் இருந்தவனுக்குப் பெயர் கிடைக்க, கெல்லரும் ஓ'பேனனும் கோர்ட்டுப் படி ஏறியதிலிருந்து பதினைந்து வருஷம் ஆயிற்று. அதை எந்தக் கம்பெனியும் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடவில்லை. கூலி விஷயமும் அப்படித்தான் நடக்கும். ஆகவே நண்பர்களே, அடுத்த பதிப்புக்கு ஆசைப் பட்டியல் போடும்போது புல் நிஜமாகத் தெரிய வேண்டும், மழை நிஜமாகப் பெய்ய வேண்டும் என்பவற்றோடு இந்த ஒரு வரியையும் மேலே எழுதிக்கொள்ளுங்கள்: எதிர் நாற்காலியில் ஓர் ஆள் வேண்டும்!

— இறுதியாண்டு மாணவன்,
கம்ப்யூட்டர் பிரிவு