ஆடும் புலியும்

போன மாதம் ஒரு கலியாணத்துக்காக நாகர்கோவிலுக்குப் போயிருந்தேன். நாஞ்சில் நாட்டு அவியலையும் எரிசேரியையும் பற்றி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் அக்காள் மகன் வேறொரு சமாசாரத்தில் என்னை இழுத்து விட்டுவிட்டான்.

கலியாணத்துக்கு மறுநாள் வீடு நிறைய விருந்தாளிகள். பையன் மட்டும் கம்ப்யூட்டருக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?" என்றேன்.

"ஹீலர் கிடைக்கல்ல, சித்தி. எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டு இருக்கோம்!"

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்று ஓர் ஆட்டம். 2004-ல் அமெரிக்காவில் வந்தது. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து ஆடலாம். போர்வீரன், மந்திரவாதி, வேடன், பூசாரி என்று ஆளுக்கொரு வேஷம். குகைக்குள் போக ஐந்து பேர் வேண்டும்: அடியைத் தாங்க ஒருவன், காயத்தை ஆற்ற ஒருவன், அடிக்க மூன்று பேர். அந்தக் காயம் ஆற்றுகிறவன்தான் ஹீலர். பூசாரி வேஷம் போட்டவன்கூட ஆற்றுகிற வித்தையை விட்டுவிட்டு, அடிக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு வரலாமாம். எல்லோரும் அடிக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். ஆற்றுவதற்கு ஆள் இல்லை!

"இதுல என்ன அதிசயம், மக்கா? நம்ம ஆடுபுலி ஆட்டத்துல இல்லாததா?" என்றார் அக்காளின் மாமியார். "அது வேற, இது வேறயாக்கும், ஆச்சி" என்றான் பையன். ஆச்சி விடவில்லை. திண்ணையில் சாக்குக் கட்டியால் கோடு போட்டார். புலிக்கு மூன்று கூழாங்கல். ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. பையன் கேட்பானேன்! புலியை எடுத்துக்கொண்டான்.

புலி தாண்டி ஆட்டை வெட்டலாம். ஆடு யாரையும் வெட்ட முடியாது. போதாக்குறைக்கு, பதினைந்து ஆடும் கட்டத்தில் இறங்குகிற வரையில் ஓர் ஆடுகூட நகரக் கூடாது. ஆனால் ஓர் ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலியால் தாண்ட முடியாது. ஆச்சி ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தார். இரண்டு ஆடுகள்தான் போயின. அரை மணியில் மூன்று புலிகளும் அசைய இடமில்லாமல் நின்றன!

சகோதரிகளே, இந்தக் கணக்கை யார் போட்டார்களோ, எவ்வளவு யோசித்துப் போட்டிருக்க வேண்டும்! ஒரு புலியைக் கூட்டிப் பாருங்கள், ஆடுகள் தொலைந்தன. நேபாளத்தில் இதே மாதிரி 'பாக் சால்' என்று ஓர் ஆட்டம் உண்டு. அங்கே கட்டம் வேறு; புலி நான்கு, ஆடு இருபது. பலசாலிக்குப் பாய்ச்சல், எளியவனுக்கு எண்ணிக்கையும் பொறுமையும். அப்போதுதான் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஆட ஆசை வரும்.

கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்களுக்கோ இது ஓயாத தலைவலி. ஆரம்பத்தில் ஒன்பது வகை வேஷம், இன்று பதின்மூன்று. ஒவ்வொன்றிலும் கிளை வித்தைகள் வேறு. ஒன்றின் அடி பலத்துவிட்டால் எல்லோரும் அந்த வேஷமே போடுவார்கள்; உடனே அதைக் குறைக்க வேண்டும். பலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மனசை என்ன செய்வது? ஜெயித்தால் அடித்தவனுக்குப் பெயர். யாராவது செத்தால் மட்டும், "ஹீலர் என்ன செய்துகொண்டிருந்தான்?" என்ற கேள்வி. கடைசியில் 2011-ல், எந்த வேலைக்கு ஆள் குறைகிறதோ அதற்கு வருகிறவர்களுக்குத் தனியாகப் பரிசு என்று வைத்தார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு அக்காளின் ஞாபகம் வந்தது. முந்தின நாள் அத்தனை பந்திக்கும் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாள். அவள் இலைக்கு அவியல் வரவில்லை. வந்தவர்கள் பந்தலைப் புகழ்ந்தார்கள், மேளத்தைப் புகழ்ந்தார்கள். அவளிடம் வந்து சொன்னது ஒன்றே ஒன்று: "ரசத்தில் உப்புக் கொஞ்சம் கம்மி!"

பையனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நானே ஹீலரா வாறேன்" என்று ஆட்டத்தில் சொன்னான். ஆட்டம் உடனே ஆரம்பமாகிவிட்டது.

அன்று ராத்திரி பாத்திரம் தேய்க்க மட்டும் எவரும் அப்படி முன்வரவில்லை. அதற்கு என்ன பரிசு வைக்கலாம்? நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்.