குடியரசின் பொருளுக்கு யார் விலை சொல்வது?

2024 ஆகஸ்ட் 5 முதல் 26 வரை புது தில்லி குடியரசுத் தலைவர் மாளிகை ஓர் இணைய ஏலம் நடத்தியது. ‘இ-உபஹார்’ என்பது அந்தத் தளத்தின் பெயர். இந்நாள், முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்குப் பல நிகழ்ச்சிகளில் வழங்கப்பட்ட பரிசுகளில் சுமார் 250 பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. கிடைக்கும் பணம் ஆதரவு தேவைப்படும் குழந்தைகளுக்குச் செலவிடப்படும் என்று மாளிகை அறிவித்தது. பிரதமருக்கு வந்த நினைவுப் பரிசுகளை ஏலம் விட்டுக் கங்கைத் தூய்மைத் திட்டத்துக்கு நிதி சேர்ப்பது 2019இலேயே தொடங்கிவிட்டது. ஆக, ஆட்சித் தலைமைக்கு வந்த பரிசை விற்பது இன்று அரசின் வழக்கமாகவே ஆகியிருக்கிறது.

குழந்தைகளுக்குப் பணம் போவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நாமும் சொல்லவில்லை. ஆனால் நல்ல செலவு என்பதாலேயே விற்பனை நியாயமாகிவிடாது. குடியரசுத் தலைவருக்குச் சால்வை போர்த்திய நெசவாளி, மரத்தில் கோபுரம் செதுக்கிக் கொடுத்த தச்சர், ஓவியம் வரைந்து நீட்டிய பள்ளிச் சிறுமி ஆகியோர் அந்த நாற்காலிக்குத்தான் கொடுத்தார்கள். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது என்பதற்காகத்தான் தோஷகானா என்ற கருவூல ஏற்பாடே இருக்கிறது. அமர்ந்திருப்பவருக்கே சொந்தமில்லாத பொருள், அவருடைய அலுவலகத்துக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? அலுவலகம் காவலாளி. காவலாளி விற்பதற்கு முன் உடைமைக்காரரைக் கேட்க வேண்டும். உடைமைக்காரர் இந்த நாட்டு மக்கள்.

கேட்பதென்றால் வாக்கெடுப்பு நடத்துவதல்ல. வந்த பொருள்கள் அனைத்தின் பட்டியலும், எது யார் கொடுத்தது, எந்த ஊர், எந்த நாள் என்ற விவரத்தோடு பொதுவில் இருக்க வேண்டும். பரிசு கிளம்பிய மாவட்டத்தின் அரசு அருங்காட்சியகத்துக்கும் நூலகத்துக்கும் ‘இது உங்களுக்கு வேண்டுமா?’ என்று முதலில் கடிதம் போக வேண்டும். வேண்டாம் என்று எல்லோரும் சொன்ன பிறகு மிஞ்சுவதை ஏலம் விடலாம். இந்த வரிசையில் நடக்காத ஏலம், பணம் எங்கே போனாலும், தவறுதான்.

ஓசூரிலிருந்து இதைப் பேச நமக்குத் தனிக் காரணம் உண்டு. இன்று குடியரசுத் தலைவர் மாளிகை என்று நாம் அழைக்கும் கட்டடத்தில் குடியேறிய முதல் இந்தியர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். 1948 ஜூன் 21 முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி, வைஸ்ராய்கள் வாழ்ந்த ஆடம்பர அறைகளை ஏற்காமல் அதே மாளிகையின் சிறிய பகுதியில் தங்கினார். அவருக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பகுதியிலேயே வசித்தார்கள். வைஸ்ராயின் அறைகள் வெளிநாட்டு விருந்தினருக்கென்று ஒதுக்கப்பட்டன. தன் துணியைத் தானே துவைத்து, செருப்புக்குத் தானே பாலிஷ் போட்டுக்கொண்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படி வாழ்ந்தவர் விட்டுச் செல்லும் பொருள் குறைவாகத்தான் இருக்கும். குறைவு என்பதாலேயே ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேண்டும்.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாகப் பராமரிக்கிறது. வீடு காப்பாற்றப்பட்டது நல்லது. ஆனால் சேலத்தில் வழக்கறிஞராகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர், திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் நிறுவியவர், சென்னை மாகாணத்தின் பிரதமர், பிறகு முதலமைச்சர் என்று அறுபது ஆண்டுப் பொதுவாழ்வு நடத்தியவர் கைப்பட எழுதிய கடிதங்கள் எத்தனை வீட்டுப் பரண்களில் இருக்கும்? யாரோ ஒரு பழம்பொருள் வியாபாரி வந்து ஐந்நூறு ரூபாய்க்குக் கட்டோடு கேட்டால், வீட்டைக் காலிசெய்யும் அவசரத்தில் இருக்கும் பேரன் கொடுத்துவிடுவான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா?

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2009 மார்ச் 5 அன்று நாடே பார்த்தது. நியூயார்க்கில் ஆன்டிகோரம் என்ற ஏல நிறுவனம் காந்தியின் மூக்குக் கண்ணாடி, செருப்பு, பாக்கெட் கடிகாரம், கிண்ணம், தட்டு ஆகியவற்றை ஏலம் விட்டது. தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மத்திய அரசு கடைசி நேரத்தில் அங்குமிங்கும் ஓடியது. விற்க வந்தவரோ, இந்திய அரசு ஏழைகளின் மருத்துவத்துக்கான செலவைக் கூட்டினால் ஏலத்தையே விலக்கிக்கொள்கிறேன் என்றார். கடைசியில் 18 லட்சம் டாலருக்கு அவற்றை எடுத்தவர் மதுத் தொழிலதிபர் விஜய் மல்லையா. அரசின் முயற்சியால்தான் வாங்கப்பட்டது என்று மத்திய அமைச்சர் சொல்ல, அரசுக்காகத் தான் வாங்கவில்லை என்று மல்லையா மறுத்தார்.

இந்த மண்ணில் நிற்பவர்களுக்கு அந்தச் செய்தி வேறு விதமாக வலித்திருக்க வேண்டும். காந்தியின் கொள்கையை ஏற்று 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்துக்குள் இருந்தன. கள் இறக்கியவர்களின் பிழைப்பு, அரசின் வருமானம் இரண்டையும் பணயம் வைத்துச் செய்த காரியம் அது. நாட்டின் மிகப் பெரிய மதுத் தொழிலதிபரின் பணத்தில்தான் அதே காந்தியின் செருப்பை மீட்க முடியும் என்ற நிலை வந்தபோது கைதட்டியவர்கள் உண்டு. வாங்கியவர் சட்டப்படி வாங்கினார். அவர் மேல் நமக்குப் புகார் இல்லை. வெட்கப்பட வேண்டியது, ஏலப் பலகையில் பெயர் வரும்வரை தூங்கிய அரசு.

தனியார் கையில் போனால் பத்திரமாக இருக்கும் என்றும் ஒரு வாதம் வருகிறது. அதே தொழிலதிபர், காந்தியின் பொருள்களை வாங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் திப்பு சுல்தானின் வாள் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். 1792 உடன்படிக்கை வரை கிருஷ்ணகிரி அடங்கிய பாராமஹால் முழுவதும் திப்புவின் ஆட்சியில் இருந்த பகுதி. அந்த வாளில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ராசியில்லை என்று அதை 2016இல் யாருக்கோ கொடுத்துவிட்டார் என்ற தகவல், வங்கிகள் அவர்மேல் லண்டனில் தொடுத்த வழக்கின்போது வெளியே வந்தது. தனியுடைமையின் இயல்பே அது. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம், எங்கே என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. திப்புவின் இன்னொரு வாள் 2023 மே மாதம் லண்டனில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாம்பழ மண்டியில் ஏலம் கேட்பவர் பழத்தைப் பிளந்து பார்த்துத்தான் விலை சொல்கிறார். பழம் நொந்திருந்தால் விலை இறங்கும். தலைவர்களின் பொருள்கள் ஏலத்துக்கு வரும்போது பொருளின் தரம் விலையைத் தீர்மானிப்பதில்லை. 1996இல் நியூயார்க் சோத்பி நிறுவனம் அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலினின் உடைமைகளை விற்றது. மொத்தம் 3 கோடியே 45 லட்சம் டாலர் வந்தது. மதிப்பிட்டதைப் போல ஏழு மடங்குக்கும் மேல். அதில் ஒரு முத்து மாலை 2,11,500 டாலருக்குப் போனது. அது போலி முத்து என்பதை ஏல நிறுவனமே சொல்லித்தான் விற்றது. இந்தப் பண வெறிக்கு முன் எந்த மாவட்ட அருங்காட்சியகம் கை தூக்கிக் கேட்க முடியும்? லிங்கனின் பொருள்களை மக்களுக்காக வாங்கப் போன ஓர் அறக்கட்டளை 2007இல் கடன் வாங்கி வாங்கியது. அதில் லிங்கனுடையது என்று சொல்லப்பட்ட உயரத் தொப்பிக்கே பிறகு ஆதாரம் கிடைக்கவில்லை. கடனை அடைக்க 2025 மே மாதம் சிகாகோவில் சேகரிப்பின் ஒரு பகுதியை ஏலம் விட வேண்டி வந்தது. நல்லெண்ணத்தோடு சந்தைக்குள் நுழைந்தவர்களுக்கும் இதுதான் கதி. சந்தைக்கு வரும் முன்பே தடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தடுக்க முடியும் என்பதற்கு தென்னாப்பிரிக்கா சாட்சி. ராபன் தீவில் நெல்சன் மண்டேலா அடைபட்டிருந்த அறையின் சாவி 2022 ஜனவரியில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வரவிருந்தது. அந்நாட்டு அரசு எதிர்த்ததும் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2024 தொடக்கத்தில் நடக்கவிருந்த ஏலத்தில் மண்டேலாவின் அடையாள அட்டை, சட்டைகள், காது கேட்கும் கருவி என்று சுமார் எழுபது பொருள்களை விற்க மகள் முன்வந்தார். அப்பாவின் கல்லறை இருக்கும் ஊரில் நினைவுத் தோட்டம் அமைக்கத்தான் அந்தப் பணம் என்றார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு விடாமல் மேல்முறையீட்டுக்குப் போனது. ஏலம் அப்போதைக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. மகளின் உரிமையை நாம் அலட்சியப்படுத்தவில்லை. காது கருவி அப்பாவுடையது. அதை விற்பதும் விடுவதும் மகளின் மனசாட்சிக்கு விட வேண்டியதுதான். அந்த அடையாள அட்டை அப்படியல்ல. சொந்த மண்ணில் வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களின் தலைவருக்கு, அவர் அதிபராவதற்கு முந்தைய ஆண்டான 1993இல் கிடைத்த அட்டை அது. ஒரு நாட்டின் வரலாற்றுக்கு அத்தாட்சி.

நம் சட்டம் எங்கே நிற்கிறது? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறாண்டு நிறைந்த பொருளே தொல்பொருள். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டு. ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது எழுதிய கடிதங்கள் இப்போதுதான் அந்த 75ஆம் ஆண்டைக் கடந்து சட்டத்தின் காவலுக்குள் வந்திருக்கின்றன. அப்துல் கலாம் 2002இல் குடியரசுத் தலைவராகி எழுதிய கடிதம் அந்தக் காவலுக்குள் வர 2077 ஆகும். அதுவரை அதை விற்பதையும் கப்பலேற்றுவதையும் இந்தச் சட்டம் தடுக்காது.

கலாமைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி இங்கே பொருந்தும். 2014இல் ஈரோட்டு விழா ஒன்றில் ஒரு நிறுவனம் அவருக்கு மாவரைக்கும் கிரைண்டரைப் பரிசாகக் கொடுத்தது. அவர் இலவசமாக வாங்க மறுத்து 4,850 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். அவர் கையெழுத்திட்ட காசோலையை வங்கியில் போட மனமில்லாமல் நிறுவனத்தார் வைத்துக்கொண்டார்கள். பணம் எடுக்கப்படவில்லை என்று தெரிந்ததும், காசோலையைப் போடுங்கள், இல்லாவிட்டால் கிரைண்டரைத் திருப்பி அனுப்புகிறோம் என்று அவர் அலுவலகம் சொன்னது. நிறுவனம் நகலை மாட்டி வைத்துக்கொண்டு அசலை வங்கியில் போட்டது. பதவியின் பெயரால் வருவது தனக்கில்லை என்பதில் இத்தனை உறுதியாக இருந்தவரின் காகிதங்களுக்கு இந்தச் சட்டம் 2077 வரை காவல் தராது என்பது ஏற்கத் தக்கதல்ல. அமெரிக்கா தன் அதிபர் நிக்சனிடம் பாடம் படித்து, அதிபரின் பதவிக்கால ஆவணங்கள் மக்களுடையவை என்று 1978இல் சட்டம் செய்தது. அதற்கு முந்தைய குழப்பத்துக்காக நிக்சன் குடும்பத்துக்கு 2000ஆம் ஆண்டு 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தது. நமக்கு அந்தப் பாடம் இலவசமாகவே கிடைக்கிறது.

எல்லாப் பொருளும் போற்றிக் காக்க வேண்டியது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 பிப்ரவரியில் பெங்களூரு நீதிமன்றக் காவலிலிருந்து தமிழக அதிகாரிகள் பெற்றுக்கொண்ட ஜெயலலிதாவின் நகைகள் சொத்துக் குவிப்பு வழக்கில் பறிமுதலானவை. அவற்றைத் தங்கத்தின் எடைக்கு மட்டுமே விற்க வேண்டும். அம்மாவின் நகை என்று ஆசைப்பட்டு ஒருவர் கூடுதல் விலை கொடுக்க அரசு இடம் தந்தால், குற்ற வழக்கின் சான்றுப் பொருளை நினைவுப் பொருளாக்கிய பழி அரசைச் சேரும். பாகிஸ்தானில் இம்ரான் கான் பிரதமராக இருந்தபோது வந்த கைக்கடிகாரம் முதலான பரிசுகளின் விற்பனை நீதிமன்றம் வரை போனது; 2023இல் அவருக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. இங்கேயும் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் ஓய்வுபெற்றபோது அமராவதிக்குக் கொண்டுபோன பரிசுகள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்விகள் எழுந்த பிறகு தில்லிக்குத் திரும்ப வந்தன. சொந்த ஊர்ப் பற்று என்ற பெயரில் குடும்பம் சார்ந்த அமைப்புக்குப் போவது வேறு, அரசு அருங்காட்சியகத்துக்குப் போவது வேறு. நாம் கேட்பது இரண்டாவது.

தபால்தலை சேர்க்கும் சிப்காட் தொழிலாளி, பழைய நாணயம் தேடி ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குப் பஸ் ஏறும் ஆசிரியர் ஆகியோரை இந்தக் கண்டனத்தில் சேர்க்கக்கூடாது. அவர்கள் சேர்ப்பதைப் பத்துப் பேருக்குக் காட்டி மகிழ்கிறார்கள். பல ஊர்களின் வரலாறு அவர்களால்தான் பிழைத்திருக்கிறது.

செய்ய வேண்டியவை நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ராஜாஜியின் கடிதமோ பொருளோ வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கே பதிவு செய்யவும், விரும்பினால் அசலை வைத்துக்கொண்டு நகலைத் தரவும் மாவட்ட நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும், ஏனென்றால் இந்த எல்லையில் மூன்றும் வீட்டு மொழிகள். விற்க நினைப்பவருக்கு நியாயமான தொகை கொடுக்கச் சிறு நிதி வேண்டும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சமூகப் பொறுப்பு நிதியைத் தேசிய பாரம்பரியப் பாதுகாப்புக்கும் பொது நூலகங்களுக்கும் செலவிட அனுமதிக்கிறது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்து நாடெங்கும் விற்கும் ஓசூரின் ஆலைகளுக்கு இது பெரிய தொகையே அல்ல. குடியரசுத் தலைவர் மாளிகைக்கும் மாவட்ட ஆட்சியர் ஒரு கடிதம் எழுதட்டும்: அடுத்த ஏலப் பட்டியல் வெளியாகும் முன், தமிழ்நாட்டிலிருந்து வந்த பரிசுகளின் விவரம் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வர வேண்டும் என்று. ராஜாஜியின் பிறந்தநாளான டிசம்பர் 10 அன்று தொரப்பள்ளிக்கு மாலையோடு செல்லும் அதிகாரிகள், அந்த அறிவிப்பின் நகலையும் நினைவில்லத்தின் வாசலில் ஒட்டிவிட்டு வரலாம்.