மூன்று வரி வீராப்பு

லிஸ்ப் மொழியில் இணைப் பட்டியலின் மதிப்பை மாற்ற ஒரு துணை ஃபங்ஷன் வேண்டும் என்று யாராவது கேட்டால் போதும், "அதை நானே மூன்று வரியில் எழுதிக்கொள்வேன்" என்று ஒருவர் எழுந்துவிடுவார். இந்த முறை எழுந்த நண்பர் அதோடு நிற்கவில்லை. கேட்டவர்களுக்கு லிஸ்பே புரியவில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். புது இணையைப் பட்டியலின் தலையில் சேர்த்தால் பழையது தானே மறையும். அது லிஸ்பை உருவாக்கிய மெக்கார்த்தி காலத்து மரபு. போதாதென்றால் ஈமேக்ஸில் சாவியைக் கொடுத்து மதிப்பை எடுக்கும் அலிஸ்ட்-கெட் இருக்கிறது. இதற்குமேல் சேர்த்தால் மொழி பெருத்துவிடும். இவ்வளவுதான் அவர் வாதம்.

முதலில் அந்த மறைதல். ((அகலம் . 80) (உயரம் . 24)) என்று ஒரு பட்டியல். அகலத்தை 100 ஆக்க, நண்பர் சொன்னபடி தலையில் சேர்க்கிறோம்: ((அகலம் . 100) (அகலம் . 80) (உயரம் . 24)). தேடினால் 100 வருகிறது, நண்பர் மகிழ்கிறார். இப்போது அகலம் என்ற அமைப்பே வேண்டாமென்று முதல் இணையை எடுத்துவிடுங்கள். 80 எழுந்து வந்து நிற்கும். பட்டியலைக் கோப்பில் எழுதினால் இரண்டு அகலங்களும் எழுதப்படும். ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தால் அகலம் இருமுறை கையாளப்படும், கடைசியாக வருவது பழையதாகவே இருக்கும். நொடிக்கொரு முறை மாறும் மதிப்பு என்றால் பட்டியல் நாள் முழுக்க வளர்ந்துகொண்டே போகும். பழையது போகவில்லை, பின்னால் ஒளிந்திருக்கிறது. இதற்குப் பெயர் புதுப்பித்தல் என்றால் குப்பையைப் பாய்க்கடியில் தள்ளுவதற்குப் பெயர் வீடு கூட்டுதல்.

மரபைச் சாட்சிக்கு இழுத்தவர் அந்த மரபைப் படித்திருக்கலாம். 1962-இல் வெளிவந்த லிஸ்ப் 1.5 கையேட்டில் இணைப் பட்டியலுக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு: மாறிகளின் பிணைப்புகளை வைத்துக்கொள்வது. ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது புதுப் பிணைப்புகள் முன்னால் சேர்கின்றன. அழைப்பு முடிந்ததும் பழைய பிணைப்பே மீண்டும் செல்லுபடியாக வேண்டும். அங்கே பழையது திரும்பி வருவதுதான் சரியான விடை. நிரலின் அமைப்புகளை வைத்திருக்கும் பட்டியலில் அதே நடத்தை பிழை. மெக்கார்த்தி ஒரு காரணத்தோடு செய்ததை நண்பர் காரணத்தை உதறிவிட்டுக் காப்பாற்றுகிறார்.

அடுத்து அலிஸ்ட்-கெட். 2016-இல் ஈமேக்ஸ் 25-உடன் வந்தது. நல்ல சரக்கு, மறுக்கவில்லை. சாவி ஒரு குறியீடாக இருந்து, எண்ணிக்கையை ஒன்று கூட்டுவது மட்டுமே வேலை என்றால் இன்க்எஃப் மேக்ரோவோடு சேர்த்து ஒரே வரியில் முடிந்துவிடும். சாவி சரமாக இருந்தால்தான் தெரியும் சேதி. அலிஸ்ட்-கெட் சாவிகளை ஒப்பிடுவது ஈக்யூ கொண்டு, அதாவது இரண்டும் ஒரே பொருளா என்று. அதே மொழியின் அசோக் ஒப்பிடுவதோ ஈக்வல் கொண்டு, அதாவது உள்ளடக்கம் ஒன்றா என்று. "மதுரை" என்ற சாவிக்கு ஸெட்எஃப் மூலம் 5 என்று வைத்துவிட்டு, வேறோர் இடத்தில் அதே சரத்தை எழுதித் தேடுங்கள்; நில் வரும். அங்கிருந்து மறுபடி வைத்தால் இன்னொரு "மதுரை" சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒப்பிடும் ஃபங்ஷனைக் கொடுக்கும் வசதி அடுத்த பதிப்பான 26-இல்தான் வந்தது, அதுவும் ஐந்தாவது இடத்தில். அதை எட்ட இரண்டு வெற்று நில்களைத் தாண்டிப் போக வேண்டும். நான்காவது இடம் நீக்குவதற்கு. புது மதிப்பு, மூன்றாவது இடத்தில் தரும் இயல்பு மதிப்பாகவே இருந்தால்தான் அது நீக்கும். இதை நினைவிலிருந்து சரியாக எழுதுகிறவர் கையை உயர்த்தட்டும்.

இதைவிட மோசமானது, நண்பர் தொடவே தொடாத விஷயம். சாவி ஏற்கெனவே இருந்தால் அலிஸ்ட்-கெட் வழியாக ஸெட்எஃப் அந்த இணையின் உள்ளேயே மதிப்பை மாற்றுகிறது. அந்த இணை வேறொரு பட்டியலுக்கும் சொந்தமாக இருந்தால் அங்கேயும் மாறும். காப்பி-ஸீக்வென்ஸ் போட்டு நகல் எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அது பட்டியலின் முதுகெலும்பை மட்டுமே நகலெடுக்கிறது, இணைகள் பழையவைதான். காப்பி-அலிஸ்ட் என்று தனியாக ஒன்று இருப்பதே அதற்காகத்தான். இன்னொரு கூத்து. இயல்பு அமைப்புகளை மேற்கோள் குறியிட்ட பட்டியலாகத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்று இருக்கிறதென்று வையுங்கள். வாங்கியவர் அகலத்தை 100 ஆக்கினால், அடுத்த முறை அதை அழைப்பவருக்கு இயல்பு அகலமே 100. காமன் லிஸ்ப் தரம் இப்படி மாறிலியை மாற்றினால் விளைவு வரையறுக்கப்படவில்லை என்று கை கழுவிவிடுகிறது. நண்பரின் மூன்று வரியில் இவற்றில் எதற்காவது பதில் உண்டா?

மொழி பெருத்துவிடும் என்ற கவலைக்கு அதிக இடம் தேவையில்லை. காமன் லிஸ்பின் தரத் தொகுப்பில் 978 பெயர்கள் இருக்கின்றன. ரசோக்-இஃப்-நாட் கூட இருக்கிறது. அதை எத்தனை பேர் பயன்படுத்தியிருப்பார்கள் என்று நண்பரே சொல்லட்டும்.

தானே எழுதிக்கொள்ளலாம் என்பதற்கு லிஸ்ப் குடும்பமே பதில் சொல்லிவிட்டது. க்ளோஜரில் அப்டேட்-இன் இருந்தது. ஒற்றைச் சாவிக்கு அதையே பயன்படுத்தலாம். தேவையில்லை என்று சொல்ல அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனாலும் 2015-இல் 1.7 பதிப்பில் அப்டேட்டைத் தனியாகச் சேர்த்தார்கள். ராக்கெட்டில் ஹாஷ்-அப்டேட் உண்டு. ஸ்கீமின் எஸ்ஆர்எஃப்ஐ 69 ஹாஷ் டேபிளுக்கு இதைத் தருகிறது. இவர்களுக்கெல்லாம் மூன்று வரி எழுதத் தெரியாதா? ஆளுக்கொரு மூன்று வரி எழுதினால், ஒருவருடையது ஈக்யூ, இன்னொருவருடையது ஈக்வல், ஒன்று பழைய பட்டியலை மாற்றும், ஒன்று மாற்றாது என்று தெரிந்துதான் சேர்த்தார்கள்.

கேட்பது சின்ன விஷயம். சாவி, பட்டியல், பழைய மதிப்பை வாங்கிப் புதியதைத் தரும் ஃபங்ஷன், சாவி இல்லாதபோது எடுத்துக்கொள்ள ஒரு மதிப்பு, விரும்பினால் ஒப்பிடும் ஃபங்ஷன். ஒப்பீடு எதுவும் சொல்லாவிட்டால் ஈக்வல். திருப்பித் தருவது புதுப் பட்டியல், அதில் ஒரு சாவி ஒரே முறை. கொடுத்த பட்டியலில் கை வைக்கக் கூடாது. இந்த வரையறையில் குறை கண்டால் நண்பர் சொல்லட்டும், திருத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த மூன்று வரியையாவது எழுதிக் காட்டட்டும், மேலே சொன்ன "மதுரை"யைக் கொடுத்து ஓட்டிப் பார்த்துவிடலாம்.