நூற்றுக்கு எத்தனை பேர்?

எஸ்.டி.பி.எம். முடிவு வந்துவிட்டால் போதும், பட்டணத்துப் பள்ளிக்கூடத்து வேலியிலே துணிப் பதாகை ஏறிவிடும். "எங்கள் மாணவர்களில் நூற்றுக்கு இத்தனை பேர் பல்கலைக்கழகம்!" என்று கொட்டை எழுத்து. பஸ்ஸிலிருந்தபடி அதைப் படித்துவிட்டு வரும் தோட்டத்துத் தகப்பனார், "பிள்ளையை அங்கேதாங்க போடணும், நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்ணுத்துக்கும் உதவாது" என்று பிரட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

அவசரப்பட வேண்டாம் ஐயா! நாம் ஒன்று கேட்கிறோம். அந்த நூறு பேர் யார்?

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் பள்ளி, நல்ல புள்ளி எடுத்த 50 பேரை மட்டும் பொறுக்கிச் சேர்க்கிறது. அதில் 40 பேர் பல்கலைக்கழகம் போகிறார்கள். நூற்றுக்கு 80! இரண்டாவது பள்ளி, தகுதி உள்ள எவரையும் தள்ளாமல் 100 பேரைச் சேர்க்கிறது. 45 பேர் போகிறார்கள். நூற்றுக்கு 45தான்.

எது நல்ல பள்ளி? முதலாவது என்றுதான் வாய் சொல்லும். ஆனால் இரண்டாவது பள்ளியின் 100 பேரில், முதல் பள்ளிப் பிள்ளைகளைப் போலவே நல்ல புள்ளியோடு வந்தவர்கள் 30 பேர் என்று வையுங்கள். அந்த 30 பேரில் 27 பேர் போயிருந்தால், அது நூற்றுக்கு 90 ஆகிவிட்டதே! மீதி 18 பேர், முதல் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும் பிள்ளைகள். அவர்களையும் கரையேற்றிய பள்ளியையா உதவாது என்கிறோம்?

பொறுக்கிச் சேர்ப்பது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. முழு விடுதிப் பள்ளிகள் அப்படித்தான் நடக்கின்றன. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் எடுக்கப்பட்ட பின்னரும், அவற்றுக்கென்று தனி நுழைவுச் சோதனை இருக்கிறது. பொறுக்கிய நெல்லையும் பொறுக்காத நெல்லையும் ஒரே தராசில் வைத்து, விதைத்தவனைப் பழிக்காதீர்கள் என்பதே நம் பேச்சு.

2024இல் பிரதமர் ஓர் அறிவிப்புச் செய்தார். எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ, அதற்கு மேல் எடுத்த எந்த இனத்துப் பிள்ளைக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்றார். வரவேற்கிறோம். ஆனால் நம் லயத்துப் பிள்ளைகள் எல்லாருமா 10 ஏ எடுக்கிறார்கள்? நாலு ஏ, ஐந்து ஏ எடுத்த பிள்ளைக்கு ஆறாம் படிவம் என்ற வாசல் திறந்தே இருக்கிறது. மூன்று தவணை, ஒன்றரை வருஷப் படிப்பு. அந்தப் பிள்ளையைக் கைப்பிடித்து ஏற்றிவிடும் பள்ளி எது என்பதைப் பதாகை சொல்லாது.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போனால் பின் வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: முதலாம் படிவத்தில் சேர்ந்தவர் எத்தனை, ஐந்தாம் படிவத்தில் பரீட்சை எழுதியவர் எத்தனை, நடுவிலே நின்றவர்கள் எங்கே?

இரண்டு: பல்கலைக்கழகம் என்று எண்ணியதில் அரசாங்கத்துடையது எத்தனை, பணம் கட்டிப் படிக்கும் தனியார் இடம் எத்தனை? ஒரே பிள்ளைக்குக் கிடைத்த இரண்டு இடத்தை இரண்டு பேராக எண்ணினீர்களா?

மூன்று: என் பிள்ளையைப் போன்ற புள்ளியோடு வந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள்?

மூன்றாவதுதான் நம் கேள்வி. விடியுமுன் எழுந்து, இரண்டு பஸ் மாறி, சாயங்காலம் சோர்ந்து வரப்போவது நம் பிள்ளை. கூலியில் மிச்சம் பிடித்து அந்தக் கட்டணத்தைக் கட்டப்போவதும் நாம்தான். கேட்கக் கூச்சப்படலாமா?

பதில் நன்றாக இருந்தால் பட்டணத்துக்கே அனுப்புங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பள்ளியின் வாசலை மறுபடி ஒருமுறை மிதித்துப் பாருங்கள். பதாகையை நம்பிப் பிள்ளையின் ஐந்து வருஷத்தை அடகு வைக்க வேண்டாம், தோழர்களே!