விதைக்கும் முன்பே சொல்லுங்கள்

ராஜபாளையம் நூற்பாலைகளும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளும் ஓட, பஞ்சு விலை கட்டுப்படியாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பருத்தி விதைக்கிறவருக்கோ அதே பஞ்சுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீத வரி வந்தபோது ஆலைத் தரப்பு எதிர்த்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கிய வேளையில், மத்திய அரசு பஞ்சு வரியைச் செப்டம்பர் 30 வரை நீக்கியது. பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஆலைகள் வரவேற்றன, விவசாயச் சங்கங்கள் கொதித்தன. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மெல்லிய நூலுக்கு வேண்டிய மிக நீண்ட இழைப் பஞ்சு நம் நாட்டில் போதிய அளவு விளைவதில்லை. 2024 பிப்ரவரியில் அதற்கு மட்டும் விலக்களித்தது சரியான முடிவு. ஆனால் எல்லா ரகங்களுக்கும் கதவைத் திறந்து, அறுவடைக் காலத்திலும் திறந்தே வைத்தது விவசாயிக்குச் செய்த அநீதி. வாஷிங்டன் போட்ட வரியின் சுமையைக் கரிசல் காட்டுக்காரர் ஏன் சுமக்க வேண்டும்? வரி இருக்குமா, இருக்காதா என்பதை விதைப்புக்கு முன்பே அரசு அறிவிக்கட்டும். விலக்களித்தால், இந்தியப் பருத்திக் கழகம் நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கே வந்து, நீண்ட இழைப் பருத்தியைக் குவிண்டாலுக்கு 8,110 ரூபாய் என்ற 2025-26 ஆதார விலைக்குக் குறையாமல் வாங்கட்டும். ஆலையும் காடும் சேர்ந்து பிழைக்க அதுதான் வழி.