தோட்டாவை நாமே நிரப்பினால் காசு மிச்சமா? ரீலோடிங் பற்றி சட்டமும் கணக்கும் சொல்வது என்ன?

கிழிந்த வலையைத் தானே பொத்துவது, எஞ்சினைத் தானே கழற்றி மாட்டுவது என்று, கைவேலையால் செலவைக் குறைப்பது புன்னைக்காயல் போன்ற கடற்கரை ஊர்களுக்குப் புதிதல்ல. அதே ஊர்களின் பிள்ளைகள் கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைஃபிளைத் தொட்டுப் பார்க்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதைப் பார்த்து ஆர்வமும் கூடியிருக்கிறது. ஆனால் துப்பாக்கி சுடுதல் செலவு பிடித்த விளையாட்டு. செல்போனில் தேடினால் அமெரிக்க வீடியோக்கள் வந்து விழுகின்றன: 'சுட்ட தோட்டாவைத் தூக்கிப் போடாதே, நீயே நிரப்பிக்கொள்!'

உண்மையிலேயே மிச்சமாகுமா? இங்கே அதைச் செய்யலாமா?

ரீலோடிங் என்றால் என்ன?

ஒரு ரைஃபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் பாய்ந்து செல்லும் குண்டு. சுட்டபின் பிரைமரும் மருந்தும் எரிந்துவிடும், குண்டு போய்விடும். கூடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து மற்ற மூன்றையும் புதிதாகப் போடுவதுதான் ரீலோடிங். தோட்டாவின் விலையில் கூட்டுக்குக் கணிசமான பங்கு உண்டு. ஒரே கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால்தான் மிச்சம் என்கிறார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

புரிதலுக்காக ஒரு கற்பனைக் கணக்கு. கடையில் தோட்டா 100 ரூபாய், நாமே நிரப்பினால் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 40 ரூபாய் மிச்சம். நிரப்பும் கருவி, தராசு, அச்சுகள் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் என்றால், போட்ட முதலை எடுக்கவே 1,000 தோட்டா சுட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். இந்தியாவில் ஒருவர் ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது துப்பாக்கி உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஆண்டுக்கு 200 என்று இருந்தால், முதலை எடுக்கவே 5 வருஷம் ஆகும். அதுவும் தன் நேரத்துக்குக் கூலி போடாமல்!

அமெரிக்காவில் தன் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, பாகங்கள் கடையில் கிடைக்கும். வாரம் நூற்றுக்கணக்கில் சுடுகிறவருக்கு அங்கே கணக்கு ஒத்துவரும். அங்கும்கூட, '2020-க்குப் பிறகு பிரைமருக்குத் தட்டுப்பாடு', 'மிச்சமாகும் காசுக்கு இன்னும் நிறைய சுட்டுவிடுகிறோம்' என்ற புலம்பல்கள் உண்டு.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம் 1959-ல் இரண்டு பிரிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க உரிமம் கேட்பது 3-வது பிரிவு. அவற்றைத் தயாரிக்க, விற்க, பழுது பார்க்க உரிமம் கேட்பது 5-வது பிரிவு. கையில் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது என்பதால் தோட்டா தயாரிக்கும் உரிமை வந்துவிடாது.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டத்தின்படி 'வெடிபொருள்' என்ற சொல் முழுத் தோட்டாவை மட்டும் குறிப்பதில்லை. தோட்டாவின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அதற்குள் அடங்கும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் 'அந்த மெஷினை மட்டும் வாங்கிட்டு வாங்க' என்று சொல்வதுகூட வம்பில் முடியலாம்.

தண்டனையும் லேசானதல்ல. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். ஒரு தோட்டாவுக்கு 40 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்கு எதிரே இதை வைத்துப் பார்க்க வேண்டும்.

பதக்கக் கனவு உள்ளவர்களுக்கு இது தேவையா?

பெரும்பாலும் தேவையே இல்லை. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகள் இரண்டு வகைதான். 10 மீட்டரில் ஏர் ரைஃபிள், அதற்கு 4.5 மி.மீ. ஈயக் குண்டு போதும், வெடிமருந்தே கிடையாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் பெயர் வாங்கியது இந்தப் பிரிவில்தான்.

50 மீட்டரில் பயன்படுவது .22 தோட்டா. இதில் தனி பிரைமர் இல்லை. தீப்பற்றும் ரசாயனம் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடுவதால், மறுபடி நிரப்புவது நடைமுறையில் சாத்தியமில்லை. அதாவது, என்.சி.சி.யில் சுடும் தோட்டாவுக்கும் குசாலே சுட்ட தோட்டாவுக்கும் ரீலோடிங் என்ற பேச்சே எழாது.

ஆபத்து பணத்தோடு முடிவதில்லை

மருந்தின் அளவு சற்றுக் கூடினாலும் துப்பாக்கியின் அறை வெடித்துச் சுடுகிறவரின் கண்ணையும் விரலையும் பறிக்கலாம். ஈயத்தை வீட்டில் உருக்கினால் அதன் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

அப்படியானால் செலவைக் குறைக்க என்ன வழி?

ஏர் ரைஃபிளில் தொடங்குவது முதல் வழி. 4.5 மி.மீ.க்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேல் விசை இல்லாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. குறிபார்த்தல், மூச்சுக் கட்டுப்பாடு, ட்ரிகர் இழுக்கும் பக்குவம் எல்லாம் இதிலேயே படியும். தோட்டா இல்லாமல் வெறுமனே ட்ரிகர் இழுத்துப் பழகும் 'டிரை ஃபயர்' பயிற்சி இரண்டாவது. பெரிய வீரர்களும் தினமும் செய்வது, செலவு பூஜ்யம். மூன்றாவது, அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கிளப்பில் சேர்வது. பயிற்சி பெறும் வீரர்களுக்கான தோட்டா அளவை 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் கணிசமாக உயர்த்தியது. அந்தச் சலுகையை முறைப்படி பெற கிளப் வழிகாட்டும்.

வலையைப் பொத்துவதில் கை தவறினால் ஒரு நாள் மீன் போகும். தோட்டாவை நிரப்புவதில் தவறினால் போவது கண்ணோ, ஏழு வருஷமோ. அதிகம் சுடுகிற அமெரிக்கருக்கு லாபமாகும் வேலை, இங்கே கணக்குப்படியும் நஷ்டம், சட்டப்படியும் ஆபத்து.